யாரும் கடிக்காத பேரிக்காய்

மூன்று மாதமாய் விஞ்ச் ஓடவில்லை.
வால்பரைசோவின் மலைத்தெருவில்
மரித்சா ஏறுகிறாள்.
ஒரு கையில் பூசணி, பீன்ஸ்,
தோளில் தூங்கி வழியும் இக்னாசியா.
ஜிம்முக்குக் கட்டிய பணம் மட்டும்
கீழே கடலோரம்
ஏசியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவளுடைய இரவுச் சாப்பாடு:
பெரியவன் ஒதுக்கிய கேரட்,
சின்னவள் கடித்துத் துப்பிய ரொட்டி முனை.
நின்றபடியே. பாத்திரம் கழுவியபடியே.

இன்று விஞ்ச் ஓடுகிறது.
சில்லறையை நீட்டியவள்
என்ன நினைத்தாளோ,
ஒரு டிக்கெட் போதும் என்றாள்.

எலியாசரும் பூசணியும் பிள்ளைகளும்
பெட்டியில் மேலே போனார்கள்.
இக்னாசியா கண்ணாடியைத் தட்டினாள்.
அவள் நிமிரவில்லை.

எழுபதாம் படியில்
மூச்சிரைக்க உட்கார்ந்து
கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள்
ஒரு பேரிக்காய்.
யாரும் கடிக்காதது.
சாறு முழங்கைவரை வழிய
முழுசாகத் தின்றாள்.

இன்னும் தொண்ணூறு படி.
அவசரமில்லை.