நனைந்த சரவெடி

இடது கால் பிரேக்கின் மேல், முழு எடையோடு.
வலது கால் ஆக்ஸிலேட்டரின் மேல், தரை தொட.
ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு உத்தரவு.
நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர்
தீப்பொறிகளை ஒன்று விட்டு ஒன்று விழுங்கி
முள்ளை நாலாயிரத்து ஐந்நூறில்
நிறுத்தி வைத்திருக்கிறது.

பின்னால் சைலன்சரில்
நனைந்த சரவெடி.
டர்போ காற்றை உருட்டி உருட்டி
ஒன்று புள்ளி நாலு வரை ஏற்றுகிறது.
வண்டி இன்னும் ஓர் அங்குலம் நகரவில்லை.

குண்டடம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே,
மில்காரர் ஒருவர் விமானம் வாங்கப்போவதாகப் போட்டு
விமானம் வாங்காமலே விட்ட ஓடுபாதை.
ஆடி மாசத்து மேகாத்து
கணவாயிலிருந்து நேராக இங்கேதான் வருகிறது.
கோட்டின் மேல் அது கொட்டும் செம்மண்ணை
ஓட்டத்துக்கு ஓட்டம் சீமாற்றால் கூட்டுகிறார்கள்
இரண்டு பையன்கள்.

"நீங்க ஒன்னும் ரோசனை பண்ணாதீங்க.
பச்சை விழுந்தா பிரேக்கை விடுங்க, அவ்வளவுதான்.
நாலு சக்கரமும் ஒட்டுக்கா கடிக்கும்"
என்றார் சென்னியப்பன்.
வாரத்தில் ஆறு நாள் கணபதியில்
பம்ப்செட் இம்பெல்லருக்கு பேலன்ஸ் பார்ப்பவர்.
ஏழாம் நாள் லேப்டாப்பை மடியில் வைத்து
என் வண்டியின் கோபத்துக்கு அளவு குறிப்பவர்.

கடித்தது.
கழுத்து சீட்டோடு ஒட்ட,
நெஞ்சுக்குள் எதுவோ ஒரு நொடி பின்தங்கி வர,
முதல் அறுபதடி: ஒன்று புள்ளி ஆறு எட்டு.
அடுத்த ஓட்டம்: ஆறு எட்டு.
அதற்கடுத்து: ஆறு ஒன்பது.
மூன்று சீட்டிலும் ஒரே கையெழுத்து.
என் கையெழுத்து இல்லை.

மூன்று ஓட்டமும் பக்கத்துத் தடத்தில் உக்கடம் இர்ஷாத்.
அதே டர்போ, அதே நாலு சக்கர இழுப்பு.
பெட்டியின் ஃபியூஸை மட்டும் பிடுங்கி
கீ செயினில் மாட்டியிருக்கிறான்.
கிளட்ச் கருகும் நாற்றம் அவனுக்கு முன்னே வந்து சேரும்.
ஒரு தடவை ஆறு ஐந்து அடிப்பான்,
ஒரு தடவை இரண்டைத் தாண்டுவான்.
இரண்டுக்கும் ஒரே சிரிப்பு.

இறுதி ஓட்டமும் அவனோடுதான்.
இரண்டு காலையும் அழுத்தினேன்.
திரையில் எழுத்து:
கியர் ஆயில் சூடு. இந்த வசதி இப்போது இல்லை.

கரும்பு ஜூஸ் வண்டியில் ஐஸ் வாங்கி
இன்டர்கூலர் மேல் அடுக்கியிருந்தார் சென்னியப்பன்.
கியர்பாக்ஸுக்குப் போகும் வழி
அந்த ஐஸுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெடி இல்லை. முள் ஆயிரத்து எண்ணூறில் முனகியது.
காற்றாலை இறக்கைகள் வீசுவது
அன்று முதல் தடவையாகக் காதில் விழுந்தது.
மஞ்சள்.
மஞ்சள்.
மஞ்சள்.

பச்சைக்குக் கால் எடுத்தது நான்.
அதற்கு மட்டும் எந்தப் பெட்டியும் எப்போதும் உதவியதில்லை.
வண்டி முக்கி எழுந்தது.
டர்போ கண் விழிப்பதற்குள் எண்பதடி போயிருந்தது.
இர்ஷாத் முன்னால் இல்லை. பக்கத்திலும் இல்லை.
கண்ணாடியில் இருந்தான்.
கடைசி நூறடியில் ஏறி வந்தான்,
என் கதவுக் கைப்பிடி வரை வந்தான்.
அங்கே பாதை முடிந்துவிட்டது.

"உங்க வெடி கேக்கலீங்களே" என்றான்,
ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு.
"அது நிக்கிற நொடிதான் எனக்குப் பச்சை.
வெளக்கை எவன் பாத்தான்?
என்னமோ கோளாறாட்ட இருக்குதேன்னு
உங்க பக்கம் திரும்பிட்டனுங்க."

சீட்டில் என் அறுபதடி: இரண்டு புள்ளி ஒன்று.
அன்றைக்கு ஆக மோசமான புறப்பாடு.
கோப்பையைச் சென்னியப்பனிடம் கொடுத்துவிட்டு
சீட்டை நான் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பல்லடம் சிக்னல்.
ஆயில் ஆறியிருக்க வேண்டும்;
கேட்காமலே திரை சொன்னது: தயார்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து கோழி லாரியின் ஹாரன்,
காற்றோடு ஒரு வெள்ளை இறகு,
அப்புறம் டிரைவரின் குரல்:

"ஏனுங் அம்மணி,
பச்சை விழுந்து எத்தனை நேரமாச்சு!"