வலது ஓரம்

சாட்ஸ்வொர்த்தில், சாவி வெட்டுகிறவனுக்கும்
செல்போன் பழுது பார்க்கிறவனுக்கும் நடுவில் என் கடை.
பால் ஊற்றும் பணிப்பெண் மாதத்துக்கு மூன்று போவாள்.
புயலில் சாயும் கப்பல், பல் மருத்துவர்களுக்கு.
முத்துத் தோடு போட்டவளைக்
கல்யாணப் பரிசுக்கென்று கேட்டு வருவார்கள்,
விலையைக் கேட்டதும்
சுவர்க்கடிகாரம் இருக்கிறதா என்பார்கள்.

கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை
யாரும் கேட்டதில்லை.
அறுத்து முடிந்த வயல். நன்றாய்க் குனிந்த இருவர்,
பாதி நிமிர்ந்த ஒருத்தி,
தூரத்தில் மலைமலையாய் வேறு யாருக்கோ போர்.
நாலு வருஷத்துக்கு முன் மாதிரிக்கு வந்த பிரின்ட்,
அலமாரிக்குப் பின்னால்
பல்லி முட்டையோடு கிடந்தது.

மனோன்மணி கோவெண்டர் அதைத்தான் எடுத்தார்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
துணி வாங்குகிறவர் தையலைப் பார்ப்பதுபோல்
வெகுநேரம் பார்த்தார்.
"இடுப்பு சரியாக வந்திருக்கிறது" என்றார்.
"இப்படி வலித்தால்
கை தானாகவே முதுகுக்குப் போய்விடும். பார், தம்பி."
ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில்
இருபத்தேழு வருஷம் சட்டைக் காலர் தைத்தவர்.
பிறகு அவர் விரல்
வலப்பக்கமாக நகர்ந்து, நின்றது.

"இது யார்?"

எனக்கே தெரியாது,
அத்தனை நாள் விற்காமல் வைத்திருந்தும்.
அடிவானத்தில், சுண்டுவிரல் நகமளவு,
குதிரைமேல் ஒருவன்.
வேலை வாங்குகிறவன்.

"மறைத்துவிடு."

மவுண்ட் அட்டையை அகலமாக வெட்டினால் மறைவான்,
ஆனால் வலதில் எவ்வளவோ
இடதிலும் அவ்வளவு வர வேண்டும்,
அதுதான் முறை என்றேன்.
இடதில் அவ்வளவு வந்தால்
முதல் பெண் முதுகில் வைத்திருக்கும் கை போய்விடும்,
கையில் இருக்கும் கதிரும் போய்விடும்.
"எனக்கு முறை வேண்டாம். கை வேண்டும்."
படம் கோணலாகத் தெரியும்,
பார்க்கிறவர்கள் கடைக்காரனைத்தான் ஏசுவார்கள் என்றேன்.
"தையல் அறைக்கு மேலே
ஒரு கண்ணாடி அறை இருந்தது" என்றார்.
அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை.
"இருபது வருஷம் தவணை கட்டி
என் பேருக்கு மாற்றின சுவர்.
குதிரைமேல் உட்கார்ந்தவனுக்கு அதில் என்ன வேலை?"

ஆயிரத்து நூறு ரேண்ட். மூன்று தவணை.

அன்று ராத்திரி மின்சாரம் போயிருந்தது.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டினேன்:
இடது நாற்பது மில்லிமீட்டர்,
வலது நூற்றுப் பத்து.
தொழிலில் முதல் தடவையாக
தெரிந்தே செய்த பிழை.
அவன்மேல் வெள்ளை அட்டை இறங்கியபோது
வயல் கொஞ்சம் அகன்ற மாதிரி இருந்தது.
தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

ஒன்றரை வருஷம் கழித்து, மார்ச்சில், போன் வந்தது.
கடற்காற்றின் ஈரம்; தாள் வலப்பக்கம் உப்பிவிட்டதாம்.
பிள்ளையார் காலண்டருக்கும்
மின் மீட்டருக்கும் நடுவே தொங்கியது.
கோணல்தான்.
இறக்கி மேசைமேல் குப்புற வைத்து
பின்பக்க டேப்பைக் கிழித்தேன்.
அட்டையைத் தூக்கப் போகிறேன் என்று தெரிந்ததும்
அவர் எழுந்து சமையலறைக்குப் போனார்.
குழாயில் தண்ணீர்,
ஒரு கெட்டிலுக்கு வேண்டியதைவிட
அதிக நேரம் ஓடியது.

அவன் அப்படியே இருந்தான்.
அட்டைக்குக் கீழே, இருட்டில்,
குதிரையின் பழுப்புகூட மங்காமல்.
எதிர் ஜன்னல் வெயிலெல்லாம் பெண்கள்மேல்.
முதலாமவளின் தலைத்துணியில் நீலம்
துவைத்துத் துவைத்துப் போட்டதுபோல் வெளுத்திருந்தது.

தாளை நீவினேன். அட்டையைப் பழையபடி வைத்தேன்.
புது டேப் ஒட்டினேன்.
"மூடியாயிற்றா?" உள்ளிருந்து குரல்.
"ஆயிற்றம்மா."
சுவரில் மாட்டிவிட்டு
அவர் டீயோடு வருவதற்குள்
ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.
பாதி வந்தது.
மீதிக்குக் கொக்கி இல்லை.