ஒன்றரைக் கிலோ

பெண்டிகோவுக்கு வெளியே
யூகலிப்டஸ் பட்டை உரிந்து கிடக்கும் மண்சாலையின் முடிவில்
தகரக் கூரை, மடக்கு மேசை, நான்.
சட்டையில் குத்திய அட்டையில் கோதை.
அவர்கள் வாயில் அது கோடை.
பிப்ரவரியில் அதுவும் சரிதான்.

வார நாட்களில் காதுக்குக் கருவி பொருத்துபவள்.
இந்த மைதானத்தில் பாதிப் பேர்
இன்றைக்கோ பத்து வருடம் கழித்தோ என்னிடம் வரவேண்டியவர்கள்.
அதனால்தானோ என்னவோ
ஆயுதப் பரிசோதனைக்கு என்னைப் போட்டார்கள்.

பச்சைத் துணியில் ஒவ்வொன்றாகக் கிடத்துகிறார்கள்.
தோட்டா அறையைப் பார்க்கிறேன், காலி.
பிறகு சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறேன்.
கண் சொன்னதை விரல் ஒப்புக்கொள்ள வேண்டும்.
போல்ட்டை மூடுகிறேன்.
உள்ளே ஓர் எஃகுத் துண்டு
இன்னொன்றின் விளிம்பில் ஏறி நிற்கிறது,
ஒரு முடி அகலத்தில்.

குழலை வானத்துக்கு நிமிர்த்தி
விசையின் வளைவில் கொக்கியை மாட்டி
மெல்லத் தூக்குகிறேன்.
ஒன்றரைக் கிலோப் பித்தளை தரையை விட்டு எழும்புகிறது,
ஆடுகிறது, அடங்குகிறது.
சத்தமில்லை என்றால் தேர்ச்சி.
டிக் என்றால் இல்லை.

துப்பாக்கியின் இந்த இடத்துக்குக் குதிரை என்று
பேர் வைத்த புண்ணியவான் யாரோ.
ஓடுமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
நிற்குமா என்று பார்க்கத்தான்
எனக்கு மதியச் சாப்பாடும் பெட்ரோல் காசும்.

பதினோராவது ஆள் காலின் பாஸ்கோ.
நேற்றைய கணக்கில் ஒரு புள்ளி முன்னால்.
அவருடையது குண்டைத் தாங்கியது,
நல்ல மாடு மாதிரி, அலுங்காமல்.
வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.
இன்னும் ஒன்று பாக்கி என்றேன்.
போல்ட்டை ஓங்கி அடித்து மூடினேன்.
டிக்.
மறுபடி.
மறுபடியும் டிக்.
விசைப்பக்கம் ஒரு விரலும் இல்லை.

என்ன, என்றார்.
அவருக்குக் கேட்கவில்லை.
அந்தச் சுருதியெல்லாம்
இதே மேட்டில் சுட்டுச் சுட்டு எப்போதோ தீர்ந்துபோனது.
அவர் கட்டைவிரலைப் பிடித்து
போல்ட்டின் பின்புறம் வைத்து மூன்றாம் முறை அடித்தேன்.
முகம் மாறியது.
முப்பத்தாறு வருடமாக இப்படி ஆனதில்லை என்றார்.
ஆனது உங்களுக்குத் தெரியாது என்றேன்.
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சிவப்புச் சீட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது
அவர் ஒரு வாக்கியம் சொன்னார்.
ஏழெட்டுச் சொல் இருக்கும்.
கடைசிச் சொல்லில் என் நாடு இருந்தது,
அதாவது, என் நாடு என்று அவர் நினைத்த நாடு.
வரிசையில் எல்லாரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

என்னிடமும் ஒன்று தயாராக வந்து
விளிம்பில் ஏறி நின்றது.
அடுத்தவர், என்று கூப்பிட்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார்.
ஏதோ திருகை அரைச் சுற்று உள்ளே தள்ளியிருந்தார்.
குண்டை மாட்டினேன், நின்றது.
அடிக்கட்டையை ரப்பர் பாயில் குத்தினேன், நின்றது.
போல்ட்டை அடித்தேன், மூன்று முறை, நின்றது.
நான்காவது முறையும் அடித்தேன்.
சோதனையில் நான்காவது முறை கிடையாது.
அவருக்கும் அது தெரியும்.
ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
யார் ஜெயித்தது என்று பார்க்க இருக்கவில்லை.

ஊருக்குள் வந்து குர்மீத் கடையில் வெண்டைக்காய்.
கையெல்லாம் துப்பாக்கி எண்ணெய் நெடி.
முனை ஒடித்துப் பார்க்காமல் அள்ளிப் போட்டேன்.
ஒரு கிலோ நானூற்று எண்பது என்றார்.
பையின் காதை
ஆட்காட்டி விரலில் மாட்டித் தூக்கினேன்.
ஆடியது, அடங்கியது.

இன்னும் இரண்டு காய் போடுங்கள் என்றேன்.