மேசை எண் ஏழு

லாபிஸில், மூடிக் கிடக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால்
கார் நிறுத்தும் இடத்தில்
சாக்பீஸால் பதினான்கு கட்டம் போட்டேன்.
மழை அழித்தது.
மறுபடி போட்டேன், பெயின்டால்.
பெர்மிட்டில் பெயின்ட் பற்றி
ஒரு வரியும் இல்லை, படித்துப் பார்த்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஆறு நாள்.
மேசைக்கு இருபது வெள்ளி, விளக்குக் கம்பிக்கு ஐந்து.
நிபந்தனை ஒன்றே ஒன்று:
கையால் செய்தவை மட்டும்.
அதையும் கடையில் கொடுத்துத்தான்
பேனராக அடித்து வாங்கினேன்.

காக் ரோஹானி மோட்டாரில் வந்தாள்,
பின்னால் சுருட்டிய பாய்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு,
ஒரு லோரி ஹாரன் அடித்துக் கடந்தது.
குணாளன் எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
தூங்காமல் வந்திருந்தான்.
லோரி டியூபை வெட்டித் தைத்த பைகள்.
விலை கேட்டால், "பாத்துக் குடுங்க."
அப்படிச் சொல்லாதே என்று
அட்டையில் நானே எழுதி வைத்தேன்: முப்பத்தைந்து.
அவனுக்கு வேர்த்தது.

ஏழாம் மேசை தவமலருக்கு.
பணத்தைப் போன வாரமே கட்டிவிட்டாள்,
நாற்பது ஐம்பது காசுகளாக, ஒரு மைலோ டின்னில்.
பிள்ளைகள் இரண்டோடு
கண்ணாடி பதித்த விளக்குகளை அடுக்கினாள்.
அழகாகத்தான் இருந்தன.
ஒரே அளவு, ஒரே மஞ்சள்,
எல்லாவற்றிலும் இடது ஓரத்தில்
ஒரே சொட்டாக வழிந்து நின்ற பசை.

குணாளன் ஒரு விளக்கை எடுத்துப் பார்த்தான்.
வைத்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
காக் ரோஹானி, விரித்திருந்த பாயையே
இன்னொரு முறை விரித்தாள்.

போனேன். தலைக்கு மேல் பேனர்
காற்றில் படபடத்தது.
"எப்ப செஞ்ச?"
"ராத்திரில, புள்ளைங்க தூங்குன பெறகு."
சின்னவன் என் சட்டையை இழுத்தான்:
"பெட்டி ரொம்பப் பெருசு ஆன்ட்டி,
நானும் அக்காவும் உள்ள ஒளிஞ்சி வெளாண்டோம்!"

தவமலர் ஒரு விளக்கைத் துடைத்தாள்.
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
எனக்குச் சொல்ல வந்த வாக்கியம்
முழுதாக, இலக்கணத்தோடு, வாய்வரை வந்தது.
"கீழ ஜெனரேட்டர் வயர் போவுது,
புள்ளைங்கள மிதிக்க விடாதே" என்றேன்.

எட்டரைக்குள் அவள் மேசை காலி.
செம்பனைத் தோட்டத்து வேன் ஒன்று நின்று
ஆறு விளக்குகளை மொத்தமாக அள்ளிப் போனது.
மிச்சமிருந்த கடைசி ஒன்றை
நான் வாங்கினேன், பன்னிரண்டு வெள்ளி.
குணாளன் விற்றது இரண்டு பை.
அதில் ஒன்றும் நான் வாங்கியதுதான்.
அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
நாற்காலிகளை மட்டும்
தேவைக்கு மேல் சத்தமாக மடித்தான்.

வீட்டில், பதினொன்றரைக்கு,
விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் ஸ்டிக்கர் இருந்த இடம்.
பாதி எழுத்து போகவில்லை.
சுற்றிலும் நகம் கீறிய கோடுகள்,
குறுக்கும் நெடுக்குமாக,
ஒன்றைப் போல் ஒன்று இல்லை.
எத்தனை விளக்கு, எத்தனை ராத்திரி.

கணக்கு நோட்டில்
ஏழாம் எண்ணுக்கு எதிரே
கைவினைப் பொருள் என்ற பத்தியை விட்டுவிட்டு
அடுத்ததில் எழுதினேன்:
இருபது வெள்ளி.
எல்லாம் சில்லறை.