நாலு நம்பர்

காலை ஐந்தரை. ஈசூன் மருத்துவமனை, ஏழாம் வார்டு.
ஆக்ஸிஜன் குமிழ்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கின்றன.
தள்ளுவண்டியில் ஊதா மூடிக் குழாய்கள், மஞ்சள் மூடிக் குழாய்கள்,
ஆய்வில் சேர்ந்தவர்களுக்குக் கூடுதலாய் ஒன்று.

சவரிமுத்து, எழுபத்தொன்று.
செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம்
மணலடித்துத் துரு எடுத்தவர்,
ஓய்வு வேளையில் புகைத்தவர்.
நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு அவர் கணக்கு:

"வலது கையில எடு மிஸ்ஸி.
இடது கை நரம்பு ஓடிப்போயிடும்.
பட்டறையிலேர்ந்து நானும் அப்படித்தான் ஓடுவேன்."

சிரிப்புக்குத் தனியாக ஒரு மூச்சு தேவைப்பட்டது.
காத்திருந்து எடுத்தேன்.

படிவத்தில் அழற்சி என்று போட்டிருக்கிறது.
அழல் என்றால் தீ.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இவருக்கு முதலில் வந்தது புகை;
நெருப்பு பின்னால் வந்து
ரத்தத்தில் குடியேறியது.
அது எவ்வளவு உயரம் எரிகிறது என்று
கீழ்த்தளத்து இயந்திரம் நாற்பது நிமிடத்தில் சொல்லிவிடும்.

சி-ரியாக்டிவ் புரதம் நாற்பத்தொன்று.
நியூட்ரோஃபில் எட்டு புள்ளி ஒன்பது,
லிம்ஃபோசைட் ஒன்று புள்ளி மூன்று,
வகுத்தால் ஆறு புள்ளி எட்டு.
எங்கள் ஆய்வில் ஐந்தைத் தாண்டினால்
பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விழும்.
தொண்ணூறாம் நாள் அழைத்து
மூன்று கட்டங்களில் ஒன்றை நிரப்ப வேண்டும்:
மறுபடி சேர்க்கப்பட்டார். இறந்தார். ஒன்றுமில்லை.

முடிவைச் சொல்வது என் வேலையில்லை.
அவரோ கைப்பேசியில் தானே பார்த்து
சந்திப்பு அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருந்தார்,
புள்ளியை விட்டுவிட்டு:
4168.

"பெரிசுல ஒரு வெள்ளி போதும்.
என் ரத்தம் பொய் சொல்லாது."

பதினான்காம் படுக்கையில் திரு கோ பெங் லியாங்.
டாக்சி ஓட்டியவர்.
விகிதம் இரண்டு புள்ளி ஒன்று, பச்சை.
வீட்டுக்குப் போகிற அன்று
எனக்கு ஒரு பாக்கெட் கோப்பி வாங்கி வைத்திருந்தார்,
சர்க்கரை குறைவாக, நான் குடிப்பது எப்படி என்று
யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு.

அவர் எண்ணுக்கு அழைத்தபோது மகள் எடுத்தாள்.
ஐம்பத்திரண்டாம் நாள் என்றாள்.
பக்கத்தில் ஏதோ குழந்தை, தொலைக்காட்சி.
நான் நிரப்பினேன்.
பச்சையைப் பற்றி எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.
புள்ளியியலாளர் சொல்வார்:
அது ஆளைச் சொல்வதில்லை, கூட்டத்தைச் சொல்வது.
சரிதான்.
கோப்பி வாங்கித் தந்தது ஓர் ஆள்.

அடுத்த அழைப்பு சவரிமுத்துவுக்கு.
வைத்துவிட்டு எடுத்தேன், எடுத்துவிட்டு வைத்தேன்.
மணி அடித்தது. ஐந்து, ஆறு,
ஒன்பது.
குரலுக்கு முன் மூச்சு வந்தது,
அடைத்த ஜன்னலைத் தள்ளுவதுபோல்.

"மிஸ்ஸி நீயா, இரு, உட்காருறேன்."

பின்னால் மின்தூக்கி திறந்து மூடும் சத்தம்,
யாரோ மலாயில் அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

"நாலு ஒண்ணு ஆறு எட்டு.
அடிச்சிருச்சு, போன புதன் கிழமை.
ஆறுதல் பரிசுதான், அறுபது வெள்ளி."

இடையில் மருத்துவமனையில் சேர்ந்தீர்களா என்று கேட்டேன்.
இல்லை என்றார்.
படி ஏறுகிறீர்களா? நாலு. மாடியா? இல்லை, படி.

ஒன்றுமில்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
பேனா அங்கேயே கொஞ்சம் நின்றது.

"அடுத்த நம்பர் எப்ப எடுப்பே"

கேட்டுவிட்டு
மறுமூச்சுக்குப் போனார்.
இரைச்சலோடு அது திரும்பி வரும்வரை
நான் தொலைபேசியை வைக்கவில்லை.