கோணல் இலை

போனஸில் ஊட்டிக்கென்று ஒதுக்கியது
ஆயிரத்து இருநூறு.
வேன் பங்கு அறுநூற்றைம்பது போக
மீதி ஐந்நூற்றைம்பது.

மலைக்குப் பிளாஸ்டிக் பாட்டில் ஆகாதாம்,
கல்லாறிலேயே பிடுங்கிக்கொள்வார்களாம்.
செக்கிங் டேபிளில் எதிரே நிற்கும் பிங்கி
ஒடிசாக்காரி, 'ஏனுங்' என்பதை
என்னைவிட நன்றாக இழுப்பாள்,
மத்தியானச் சோற்றுக்கு நடுவே போனை நீட்டினாள்.
மூங்கில் பிரஷ் நூற்று நாற்பத்தொன்பது.
கார்க் மூடி போட்ட புட்டி எழுநூற்றுத் தொண்ணூறு.
பச்சை இலை போட்ட துணிப்பை
ஆயிரத்து நூறு.

அந்தப் பையை எனக்குத் தெரியும்.

போன மார்கழியில் நாலாயிரம் பை
இதே டேபிளில் புரண்டது.
கைப்பிடியில் தையல் மூன்று சுற்றா, நூல் பிசிறா,
இலை நேராக உட்கார்ந்திருக்கிறதா
என்று பார்த்துப் பார்த்துக்
கோணல் இலைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது நான்.
பைக்கு இவ்வளவு என்று என் கூலியைப் பிரித்தால்
ஒரு தேன்மிட்டாய் வரும்.
சாயம் போடாத காடாத் துணி.
அந்த இலையின் பச்சையைத் தவிர
நொய்யலுக்கு ஒரு தீங்கும் செய்யாத பை.
ஒவ்வொன்றையும் ஒரு பாலித்தீன் கவரில் போட்டுத்தான்
பெட்டியில் அடுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைச் சந்தில்
அதே பை குவிந்து கிடந்தது.
அறுபது என்றான்.
"இலை கோணலா இருக்குதுங்களே."
ஐம்பதுக்கு இறங்கினான்.
கோணல் என்று தள்ளியதே நான்தான் என்பதை
அவனிடம் எதற்குச் சொல்ல.

பிரஷ் பழையதே இருக்கட்டும், இன்னும் தேயவில்லை.
புட்டிக்குப் பதில் தூக்குப்போசி.
மூடியை பனியன் வேஸ்ட் நாடாவால் இறுக்கிக் கட்டினேன்.
அந்த நாள் வந்துவிடுமோ என்று
வெள்ளைக் கட்டிங் துணி நாலு, மடித்து.
இதற்கும் இப்போது ஒரு பெயர் வந்துவிட்டதாம்.
பிங்கி காட்டினாள்: மூன்று துண்டு நானூறு.
இருவரும் சிரித்த சிரிப்பில்
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

விடிகாலை நாலு மணி.
நொய்யல் பாலம் ஏறும்போதே
மயிலாத்தா ஜன்னலைச் சாத்தினாள்.
அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம்.
பாக்குத் தோப்புக் குளிர் வந்தபிறகுதான் திறந்தாள்.

கல்லாறில் எல்லோரையும் இறக்கினார்கள்.
மயிலாத்தாவின் இரண்டு லிட்டர் பாட்டில் போனது,
டிரைவர் ஜம்புவின் குளிர்பானம்
பாதி குடித்தபடியே போனது.
என் தூக்குப்போசியைத் தட்டிப் பார்த்துவிட்டு
அந்தப் பெண் காவலர்
பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நல்லா இருக்குதே, எங்க வாங்குனீங்க?"

எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.
அப்போதுதான் அவள் கை
உள்பைக்குள் போனது.

நாலாக மடங்கி, நான் பார்க்காமலே கிடந்தது
அந்தக் கவர்.
மூச்சு முட்டும், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள் என்று
அதில் ஆறு மொழியில் அச்சடித்திருக்கும்.
பெட்டி பிரிக்கிற ஊர்களின் மொழிகள்.
தமிழ் அதில் இல்லை.

"இது ஆகாதுங்க" என்றாள்.
"எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.
சாக்கில் போட்டாள்.

மூன்றாவது கொண்டை ஊசியில்
நாடா நழுவி, போசி சாய்ந்து,
மடியில் இருந்த பை நனைந்தது.
மயிலாத்தா கத்தினாள், தண்ணீர் போச்சே என்று.
நான் பழக்கத்தில்
கட்டைவிரலால் இலையைத் தேய்த்துப் பார்த்தேன்.
ஒட்டிக்கொண்டு வந்தது பச்சை.

நேரான இலைகளும் இப்படித்தான்
எங்கோ ஒரு மழையில் விட்டிருக்கும்.
செக்கிங்கில் அது தெரியாது.
தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது
வேறு செக்ஷன்.

விரலைத் துடைக்க இடம் தேடினேன்.
ஜன்னலுக்கு வெளியே
எங்கு பார்த்தாலும் அதே நிறம்.