பதினாறு ஆம்பியர்

சைமா ஏரியில் ஜூன் மாதம் இருட்டுவதே இல்லை.
இரவு பதினொன்றுக்கும்
கேபிள் உறைமேல் அச்சிட்ட பொடி எழுத்தைப் படிக்கலாம்:
மூன்று இழை, இரண்டரை சதுர மில்லிமீட்டர்,
ரப்பர், எண்ணெய் தாங்கும்.
நான் படிப்பேன்.
வேறெதையும் இவ்வளவு நிதானமாகப் படித்ததில்லை,
விவாகரத்துப் பத்திரம் உட்பட.
அதில் எனக்குக் கிடைத்தது இந்தப் படகு.

முதலில் படகில் செருகு.
பிறகு கரைக் கம்பத்தில்.
கடைசியில் சுவிட்ச்.
கழற்றும்போது வந்த வழியே திரும்பிப் போ.
உயிருள்ள நுனி
தண்ணீருக்கு மேலே உன் கையில் ஊசலாடக் கூடாது.
சுருளை முழுதும் விரி,
சுருண்டே கிடந்தால் தன் சூட்டில் தானே வேகும்.
கொஞ்சம் தளர்த்தி விடு,
நீராவிக் கப்பல் கடந்தால் படகு எழும்பும்;
ஏரியை நக்கும் அளவுக்கு வேண்டாம்.

இதையெல்லாம் யாரும் கேட்காமலே
இந்தத் துறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின மாலை
ஒன்பதாம் இடத்தில் வந்து கட்டினார் பெல்கோனென்.
அவரது ஒயர் ஆரஞ்சு நிறம்.
புல் வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கியது.
நடுவில் ஓர் ஒட்டு,
ஒட்டின்மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை,
பையின்மேல் ரப்பர் பேண்ட்.
பாதி ஒயர் தண்ணீரில்.
உள்ளே ஹீட்டர், கெட்டில், ரேடியோவில் அக்கார்டியன்.

கடலென்றால் உப்பு கொஞ்சம் காப்பாற்றும்.
நன்னீருக்கு அந்தக் கருணை கிடையாது;
கசியும் மின்சாரம்
தண்ணீரைவிட நல்ல வழி தேடும்,
நீந்துகிறவன் உடம்பு நல்ல வழி.

சௌனாவின் கதவு திறந்தது.
ஹில்ப்பாவின் மூன்று பெண்கள்
செக்கச் சிவந்து, ஆவி பறக்க,
மரப்பலகை அதிர ஓடி வந்தார்கள்.
கத்தினால் நிற்கிற வயதா அது?
நான் கம்பத்தை நோக்கி ஓடினேன்.
மூடியைத் திறந்தேன், சுவிட்சை அணைத்தேன்,
ஆரஞ்சைப் பிடுங்கினேன்.

அக்கார்டியன் பாதி மூச்சில் நின்றது.

பெல்கோனென் வெளியே வந்தார்,
கையில் முள்கரண்டி, அதில் ஒரு தொத்திறைச்சி.
“அது என்னுடையது.”
“தெரியும்.”
தொப்பென்று மூன்று சத்தம்.
இருவரும் பேசாமல் தண்ணீரைப் பார்த்தோம்.
ஒரு தலை.
இரண்டு.
மூன்றாவது வர நேரமானது, அல்லது
நேரமானது போலிருந்தது.
மூன்று.

அவர் தொத்திறைச்சியைப் பலகையில் வைத்துவிட்டு
குனிந்து கம்பத்தை முகர்ந்தார்.
இன்னொரு முறை முகர்ந்தார்.
என் சுவிட்சை அணைத்தார், நீலத் தலையை இழுத்தார்
(முறையாகத்தான் செய்தார், கவனித்தேன்),
திருப்பி என்னிடம் நீட்டினார்.

ஒரு பித்தளைப் பல் கறுத்திருந்தது.
அதைச் சுற்றி நீலப் பிளாஸ்டிக்
அடிப்பிடித்த பால் மாதிரி உருகி, பழுத்து.
மூன்று கோடையாக உறையைப் படித்தவள்
ஒரு நாளும் அதன் வாயைத் திறந்து பார்க்கவில்லை.
உள்ளே ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது.
அவ்வளவுதான்.
மற்றதை எல்லாம் பொறுமையாகச் சூடு செய்திருக்கிறது.

ஊருக்கு உபதேசம்.
அவர் அதைச் சொல்லவில்லை.
சொல்லாததற்கு நன்றி என்று நானும் சொல்லவில்லை.

திருநாளில் கடைகள் இல்லை.
இரண்டு படகும் இரண்டு நாள் கரையோடு பேசாமல் கிடந்தன.
என் குளிர்பெட்டியில் மீன் காத்திருக்காது என்பதால்
அதை அவர் ஸ்பிரிட் அடுப்பில் வறுத்தோம்.
விளக்கு தேவைப்படவில்லை. பேச்சும் அதிகம் தேவைப்படவில்லை.
அவர் மனைவி பெயர் இருந்த ஒரு கோப்பையை
எனக்குத் தராமல் வேறொன்றைத் தேடியெடுத்தார்.

திங்களன்று அவர் காரில் போனோம்.
கடைக்காரர் சுருளை மேசைமேல் வைத்தார்.
எனக்கு ஒரு தலை மட்டும் போதும்,
அவருக்கு இருபது மீட்டர்.
விலையைக் கேட்டு அவர் சீட்டியடித்தார்.
பிறகு சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி மாட்டி,
கேபிளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி,
விரல் வைத்து, சத்தமாக,
பள்ளிக்கூடப் பையன் போல:
மூன்று இழை.
இரண்டரை.
“அடுத்த எழுத்து தெரியவில்லை,
நீங்கள் பாருங்கள்.”